ஒரே பெண்ணுக்கு இரண்டு பிறந்தகப் பெயர்கள்: பழைய ஆங்கிலேயப் பதிவுகளில் சிக்கலைக் கண்டறிந்து தீர்க்கும் முறை

திருமணமான நாளோடு ஒரு பெண் தன் பிறந்தகத்தின் குடும்பப் பெயரை விட்டுக் கணவனின் குடும்பப் பெயரை ஏற்பது இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக நிலவிய வழக்கம். அதன் பிறகு எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவும் வரிப்பட்டியலும் கல்லறைக் கல்லும் அவளைப் புதுப் பெயரால் மட்டுமே அறியும். எனவே அவளுடைய பிறந்தகப் பெயரைத் தேடுபவருக்கு மிகச் சில ஆவணங்களே துணைக்கு வருகின்றன. அந்தச் சிலவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பலர் தேடலை அங்கேயே கைவிடுகிறார்கள், அல்லது தமக்குப் பிடித்த பெயரைத் தேர்ந்துகொள்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. முரண்பாடு எந்த வடிவில் தென்படுகிறது என்பதைக் கவனித்தாலே அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். கீழே அறிகுறிவாரியாகத் தந்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆவணத்தின் மேலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தகவலைச் சொன்னவர் யார்? எழுதியவர் யார்? உங்கள் கையில் இருப்பது மூலமா, பிறகு எடுத்த நகலா? இணையத்தில் கிடைக்கும் பெயர்ப்பட்டியல்கள் பெரும்பாலும் நகலின் நகல்கள் என்பதால், மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அறிகுறி: ஒரே திருமணத்துக்கு இரண்டு ஆவணங்கள், இரண்டு குடும்பப் பெயர்கள்

இதற்கு மிகவும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவியே ஆவார். 1582 நவம்பர் 27ஆம் நாளிட்டு வூஸ்டர் பிஷப்பின் பதிவேட்டில் லத்தீன் மொழியில் ஒரு வரி இருக்கிறது. வில்லியம் ஷாக்ஸ்பியர் என்பவருக்கும் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வாட்லிக்கும் திருமண உரிமம் வழங்கப்பட்டதாக அது கூறுகிறது. மறுநாள், நவம்பர் 28 அன்று, ஃபல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு விவசாயிகள் அதே பிஷப்பின் அலுவலகத்தில் 40 பவுண்டுக்குப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் மணமகன் வில்லியம் ஷாக்ஸ்பியர். மணமகளோ ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. வாட்லி என்ற அந்த ஒரு வரி 1880களில் வெளிச்சத்துக்கு வந்தபின், ஷேக்ஸ்பியர் ஒருத்தியைக் காதலித்து வேறொருத்தியை மணந்தார் என்று கதை கட்டியவர்கள் உண்டு. அந்தக் கதைக்கு அந்த ஒற்றை வரியைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

இங்கே சிக்கலைத் தீர்க்கும் வரிசை இது. முதலில் இரண்டு ஆவணங்களின் தன்மையை ஒப்பிடுங்கள். பிஷப்பின் பதிவேடு என்பது வழங்கப்பட்ட உரிமங்களை அலுவலக எழுத்தர் ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வைத்த பட்டியல். பிணைப்பத்திரமோ, திருமணத்தில் சட்டத் தடை ஏதும் வெளிப்பட்டால் பெருந்தொகை கட்ட வேண்டிய இரண்டு மனிதர்கள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தது. பெயர் தவறாக இருந்தால் பாதிக்கப்படுபவர்கள் அவர்கள் என்பதால் அவர்களுடைய சொல்லுக்கே எடை அதிகம்.

அடுத்து, அதே எழுத்தரின் கையெழுத்தில் உள்ள அண்டை வரிகளைப் படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வூஸ்டர் எழுத்தர் வேறு சில இடங்களிலும் பெயர்களைப் பிறழ எழுதியிருக்கிறார். பார்பர் என்பவர் பேக்கர் ஆனார், பிராட்லி என்பவர் டார்பி ஆனார். மேலும் வாட்லி வரி எழுதப்பட்ட அதே நாளில், குரோல் என்ற ஊரின் பங்குக் குருவான வில்லியம் வாட்லி தொடர்பான தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் வரி) வழக்கு ஒன்றும் அந்த அலுவலகத்தின் முன் இருந்தது. வழக்குத்தாளில் எழுதிய பெயர் எழுத்தரின் மனத்தில் தங்கி அடுத்த ஏட்டிலும் விழுந்தது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். டெம்பிள் கிராஃப்டன் என்ற ஊர்ப்பெயருக்கு மட்டும், அது திருமணம் நடக்கவிருந்த இடமாக இருக்கலாம் என்பதைத் தாண்டி உறுதியான விளக்கம் கிடைக்கவில்லை. ஒரு ஆவணத்தின் ஒரு பகுதி தவறு என்று காட்டியதாலேயே மீதிப் பகுதியும் விளங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, பெயரை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. பிணை நின்ற சாண்டெல்ஸும் ரிச்சர்ட்சனும் யார்? ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியில் வாழ்ந்த, ஆனின் தந்தையான ரிச்சர்டு ஹாத்தவே 1581இல் எழுதிய உயிலில் சாண்டெல்ஸ் மேற்பார்வையாளராகவும் ரிச்சர்ட்சன் சாட்சியாகவும் இடம்பெறுகிறார்கள். இறந்துபோன நண்பரின் மகளுக்காக அவர்கள் வூஸ்டர் வரை சென்றிருக்கிறார்கள். அதே உயிலில் தம் ஆடு மேய்ப்பவரான தாமஸ் விட்டிங்டனுக்குத் தரவேண்டிய கடனையும் ரிச்சர்டு குறிப்பிடுகிறார். இருபது ஆண்டு கழித்து, 1601இல், அந்த விட்டிங்டன் தம்முடைய உயிலில் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏழைகளுக்கு 40 ஷில்லிங் எழுதி வைக்கிறார். அந்தப் பணம் திரு. வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனிடம் இருப்பதாகவும் சொல்கிறார். தந்தையின் வேலையாள் மகளிடம் பணத்தை ஒப்படைத்து வைத்திருந்தார் என்பது எந்தப் பதிவேட்டு வரியையும்விடத் தெளிவாகப் பேசுகிறது. கடைசியாக, ஷேக்ஸ்பியரின் பேத்தி எலிசபெத் பர்னார்டு 1670இல் எழுதிய உயிலில், உறவினர் தாமஸ் ஹாத்தவேயின் பெண்மக்களுக்குச் சொத்து ஒதுக்கியிருக்கிறார். மூன்று தலைமுறை கடந்தும் ஹாத்தவே வீட்டார் உறவினர்களாகவே மதிக்கப்பட்டார்கள். வாட்லி வீட்டார் எங்கும் இல்லை.

உங்கள் மூதாட்டிக்கும் இதே வரிசை பொருந்தும். உரிமம், பிணைப்பத்திரம், பதிவேடு ஆகியவற்றைத் தனித்தனியாக வரவழைத்துப் பார்த்து, பிணையாளிகளையும் சாட்சிகளையும் அந்த ஊரின் உயில்களில் தேடுங்கள். பிணைப்பத்திரம் எழுதும் நடைமுறை 1823 வரை இருந்தது. அதற்குப் பிந்தைய உரிமங்களுக்கு உறுதிமொழித் தாள் மட்டுமே கிடைக்கும்.

அறிகுறி: திருமணச் சான்றிதழில் அவளுடைய பெயர் ஒன்று, அவளுடைய தந்தையின் குடும்பப் பெயர் வேறொன்று

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கித் திருமணப் பதிவில் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் எழுதப்பட்டன. மணமகளின் குடும்பப் பெயரும் அவளுடைய தந்தையின் குடும்பப் பெயரும் வேறுபட்டால் முதலில் பார்க்க வேண்டியது அவளுடைய நிலையைக் குறிக்கும் கட்டம். அங்கே விதவை என்று இருந்தால் சிக்கல் எதுவும் இல்லை. அவளுடைய பெயர் முதல் கணவனுடையது; தந்தையின் பெயரே பிறந்தகப் பெயர். முதல் திருமணத்தைத் தேடி எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1837க்கு முந்தைய பதிவுகளில் தந்தையின் பெயருக்குக் கட்டமே இல்லாததால், முதல் கணவனின் பெயரையே பிறந்தகப் பெயராகக் கொள்ளும் தவறு எளிதாக நேர்கிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி ஆலயப் பதிவேட்டில் முதல் திருமணம் 1680 நவம்பரில் எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்சுக்கும் நடந்தது. ஹின்மர்ஸ் என்பது அவருடைய காலஞ்சென்ற முதல் கணவர் ஜோசப் ஹின்மர்சின் குடும்பப் பெயர். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ஹின்மர்ஸ் குடும்பத்தில் அவருடைய பிறப்பைத் தேடினால் காலம் முழுவதும் தேடிக்கொண்டே இருக்கலாம். ஆகவே மணமகளின் நிலை குறிக்கப்படாத பழைய பதிவுகளில், அவளை விதவையாகவும் இருக்கலாம் என்று கருதி, அதே பங்கில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியில்) அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் அடக்கப் பதிவுகளில் அந்தக் குடும்பப் பெயருள்ள ஆண்களைப் பாருங்கள்.

அவள் திருமணமாகாதவள் என்றே எழுதப்பட்டிருந்தும் பெயர்கள் வேறுபட்டால், இரண்டு வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டும். ஒன்று, அவள் தாயின் திருமணத்துக்கு முன் பிறந்து தாயின் பெயரைத் தாங்கியவள். தன்னைப் பெற்றவனின் பெயரைத் தந்தைக் கட்டத்தில் சொல்லியிருக்கிறாள். மற்றொன்று, தாய் பிற்பாடு மணந்தவனையே தந்தையாகச் சொல்லியிருக்கிறாள். தந்தைக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் முதல் வாய்ப்புக்கு ஒரு குறிப்பாக அதைக் கொள்ளலாம், அதுவே சான்றாகிவிடாது. அந்தக் காலத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் பலர் முன்னிலையில் நிற்பது ஒரு இளம்பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும் என்பதை மனத்தில் கொண்டு அந்தக் கட்டத்தைப் படியுங்கள். அதில் எழுதிய பெயர் கற்பனையாக இருந்தாலும் அவளை நாம் பொய்யர் என்று எழுதி வைக்கலாகாது.

அறிகுறி: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பிறந்தகப் பெயர் மாறி மாறி வருகிறது

பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரோடு பிறந்தகப் பெயரும் எழுதப்பட்டதால் 1837க்குப் பிந்தைய காலத்துக்கு இதுவே முதல் துணை. அச்சிட்ட அட்டவணைகளில் தாயின் பிறந்தகப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் சேர்க்கப்பட்டது. ஆனால் பொதுப் பதிவு அலுவலகம் 2016இல் வெளியிட்ட புதிய இணைய அட்டவணை 1837 வரை பின்னோக்கி அந்தப் பெயரைத் தருகிறது. எனவே ஒரு பிள்ளையின் பதிவோடு நிறுத்தாமல், அதே தம்பதிக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் அட்டவணையில் எடுத்து வரிசைப்படுத்துங்கள்.

வரிசைப்படுத்தியதும் முரண்பாடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மூத்த பிள்ளைகளுக்கு ஒரு பெயரும் இளைய பிள்ளைகளுக்கு இன்னொரு பெயரும் என்று நடுவில் வெட்டினாற்போல் இருந்தால், அநேகமாக அவர்கள் இரண்டு மனைவியர். முதல் மனைவி மேரி இறந்தபின் இரண்டாவதாக வந்தவளும் மேரியாக இருப்பது அந்தக் காலத்தில் மிகச் சாதாரணம்; மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் இருவரும் ஒருத்தியாகவே தெரிவார்கள். வயது மட்டும் பத்தாண்டில் மூன்றோ நான்கோ கூடியிருக்கும், அல்லது பிறந்த ஊர் மாறியிருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு மரணப் பதிவையும் ஒரு மறுமணப் பதிவையும் தேடுங்கள்.

பெயர்கள் அப்படி வெட்டாமல் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தால், பெரும்பாலும் ஒரே பெண்தான். அவளுக்கு முன்பே ஒரு திருமணம் ஆகியிருக்கிறது. இப்படிப்பட்ட தாயைச் சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட முறையில் எழுதும். உதாரணத்துக்கு, ‘மேரி டர்னர், லேட் ஹோம்ஸ், ஃபார்மர்லி பிளேக்’ என்று இருந்தால், டர்னர் இப்போதைய கணவனின் பெயர், ஹோம்ஸ் முந்தைய கணவனின் பெயர், பிளேக் பிறந்தகப் பெயர். பதிவாளர் அவசரத்தில் இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும், தகவல் சொன்ன கணவனோ மாமியாரோ அண்டை வீட்டாரோ ஹோம்ஸ் என்பதையே பிறந்தகப் பெயராகச் சொல்லியிருந்தாலும் அட்டவணையில் முரண்பாடு தோன்றிவிடும். அதனால் தாயே நேரில் வந்து சொன்ன சான்றிதழ்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

அட்டவணையில் தாயின் பிறந்தகப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தால், குழந்தை பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே பிறந்து தாயின் பெயரிலேயே பதியப்பட்டது என்று பொருள். குழந்தையின் குடும்பப் பெயரையே தாயினுடையதாகக் கொண்டு தேடுங்கள். குழந்தையின் பதிவே கிடைக்காவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பதிவு செய்யாவிட்டால் பெற்றோருக்குத் தண்டம் என்ற கட்டாயம் 1875 தொடக்கத்திலிருந்துதான் வந்தது. அதற்கு முன் விடுபட்ட பிறப்புகள் உண்டு.

அறிகுறி: பெயர் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் எழுத்து ஒவ்வொரு தாளிலும் வேறுபடுகிறது

இதைப் பெயர்ச்சிக்கல் என்றே எண்ண வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி வாயால் சொன்னதை, வேறு வட்டாரத்திலிருந்து வந்த குருவானவர் தம் காதில் விழுந்தபடி எழுதினார். மேலே சொன்ன பிணைப்பத்திரத்திலேயே ஹாத்தவே என்பது ஹாத்வே ஆகியிருக்கிறது. ஊர் வழக்கில் சொல்லிப் பார்த்து, முதலில் வரும் ஹகர ஒலியை விட்டும் சேர்த்தும் தேடுங்கள். முதற்பெயரும் அப்படியே. ரிச்சர்டு ஹாத்தவேயின் உயிலில் மகளின் பெயர் ஆக்னஸ், பிணைப்பத்திரத்தில் ஆன். அக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே பெயராகவே புழங்கின.

உண்மையான இரண்டு குடும்பப் பெயர்களும் ஒரு வீட்டாருக்கு இருந்திருக்கலாம். ஹாத்தவே குடும்பமே ‘ஹாத்தவே என்கிற கார்ட்னர்’ என்று பதிவுகளில் வருகிறது. இப்படி ‘என்கிற’ இட்டு எழுதிய இரட்டைப் பெயர் ஒரு தலைமுறைக்கு முன் நடந்த மறுமணத்தையோ, தாய்வழியில் வந்த நிலத்தையோ, திருமணத்துக்கு வெளியே பிறந்ததையோ காட்டலாம். உங்கள் இரண்டு பெயர்களும் எங்காவது ஒரே வரியில் சேர்ந்து நிற்கின்றனவா என்று பண்ணை நீதிமன்றச் சுருள்களிலும் உயில்களிலும் பாருங்கள். நின்றால் தகராறு முடிந்தது.

அறிகுறி: திருமணப் பதிவே கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த நாள் பொருந்தவில்லை

ஷேக்ஸ்பியரின் திருமணமும் எந்தப் பங்குப் பதிவேட்டிலும் இதுவரை கிடைக்கவில்லை. பதிவேடுகள் வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் வந்தாலும் எல்லா ஊர்களிலும் அந்த ஆண்டிலிருந்தே ஏடுகள் எஞ்சவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டின் பதிவேடு 1558இல்தான் தொடங்குகிறது. ஆனின் கல்லறைக் கல்லின்படி அவர் 1623 ஆகஸ்டு 6இல் 67 வயதில் இறந்தார். அப்படியானால் அவர் பிறந்தபோது அந்த ஏடு தொடங்கவே இல்லை. உங்கள் ஊரின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது, எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த குடியரசும் நடந்த 1642 முதல் 1660 வரையான காலத்தில் இடைவெளிகள் மிக அதிகம். ஊர் ஏடு அழிந்திருந்தாலும் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல் பிழைத்திருக்கலாம்.

நாள் பொருந்தாத சிக்கலுக்குப் பலமுறை காலண்டரே காரணம். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆகவே நவம்பரில் நடந்த திருமணத்துக்கு அடுத்து வரும் பிப்ரவரியும் ஏட்டில் அதே ஆண்டின் கீழ்தான் இருக்கும். ஷேக்ஸ்பியரின் இரட்டைக் குழந்தைகளின் ஞானஸ்நானம் நம் கணக்கில் 1585 பிப்ரவரி 2. ஏட்டின் கணக்கில் அது 1584. இதை மறந்தால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகத் தோன்றிச் சரியான திருமணத்தைத் தள்ளிவிட்டுத் தவறான பெண்ணைப் பிடித்துக்கொள்ள நேரும்.

1754 மார்ச் 25க்கு முன் நடந்த திருமணமானால், ஓலை (ஆலயத்தில் முன்கூட்டியே வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்காமலும் உரிமம் இல்லாமலும் இரகசியமாக நடந்திருக்கக்கூடும். லண்டன் ஃப்ளீட் சிறையைச் சுற்றி அப்படி ஏராளமானவை நடந்தன. அந்த நாளில் ஹார்டுவிக் பிரபுவின் சட்டம் அமலுக்கு வந்தபின், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்றவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையில் ஓலை வாசித்தோ உரிமம் பெற்றோதான் மணக்க முடிந்தது; மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள். மணமக்கள் இரு பங்கினராக இருந்தால் ஓலை இரண்டு ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது. மணமகளின் ஊர் தெரியாதபோது மணமகன் ஊரின் ஓலை ஏட்டைப் பார்த்தால் அவளுடைய பெயரும் பங்கும் சேர்ந்தே கிடைக்கும்.

ஞானஸ்நானப் பதிவுகளைப் பொறுத்தவரை, 1813இல் வந்த அச்சுப் படிவம் தாயின் பிறந்தகப் பெயரைக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். அதற்கு முன்பே வில்லியம் டேடு என்ற குருவானவர் யார்க் பகுதியில் தாயின் தந்தை யார், எந்த ஊர் என்பது வரை எழுதும் முறையை 1770களில் பரப்பியிருந்தார். டரம் மறைமாவட்டத்தில் பிஷப் பாரிங்டனும் 1798 முதல் 1812 வரை தாயின் பிறந்தகப் பெயரை எழுத வைத்தார். உங்கள் குடும்பம் வட இங்கிலாந்தைச் சேர்ந்ததானால் இந்த ஏடுகளை முதலில் பாருங்கள்.

அறிகுறி: ஒரே பெயரில் இரண்டு பெண்கள், இருவருமே பொருந்துகிறார்கள்

இங்கே பொருத்தங்களை எண்ணிக் கூட்டாமல், ஒருத்தியை நீக்க முயலுங்கள். அவள் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்யப்பட்டாளா, வேறொருவரை மணந்தாளா என்று பாருங்கள். பிறகு இரு தந்தையரின் உயில்களையும் எடுங்கள். 1882ஆம் ஆண்டின் சட்டம் வரை மணமான பெண் கணவனின் சம்மதமின்றித் தன் சொத்துக்கு உயில் எழுத முடியாது என்பதால் அவளுடைய சொந்த உயில் கிடைப்பது அரிது. ஆனால் தந்தையும், விதவைத் தாயும், மணமாகாத அத்தையும் எழுதிய உயில்களில் ‘இன்னாருடைய மனைவியாகிய என் மகள்’ என்ற ஒரு சொற்றொடர் போதும். 1858 ஜனவரி 12க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களிலும் பிந்தையவை அரசு உயில் பதிவகத்திலும் இருக்கும்.

கணக்கெடுப்புத் தாள்களில் 1851 முதல் குடும்பத் தலைவரோடு உள்ள உறவுமுறை எழுதப்பட்டது. வீட்டில் மணமாகாத மைத்துனன் ஒருவன் தங்கியிருந்தால் அவனுடைய குடும்பப் பெயரே மனைவியின் பிறந்தகப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். மாமியாரின் பெயரை அவ்வளவு நம்ப வேண்டாம். அவர் மறுமணம் செய்தவராக இருக்கலாம். மாற்றாந்தாயையும் அந்தக் காலத்தில் அதே சொல்லால் எழுதினார்கள்.

மரணச் சான்றிதழில் மணமான பெண்ணின் பிறந்தகப் பெயர் 1969 ஏப்ரல் வரை கேட்கப்படவே இல்லை. இருந்தாலும் தகவல் சொன்னவர் கட்டத்தைப் படியுங்கள். அங்கே சகோதரர் என்றோ சகோதரர் மகன் என்றோ ஒருவர் கையொப்பமிட்டிருந்தால் அவருடைய குடும்பப் பெயர் நீங்கள் தேடும் பெயராகலாம்.

அறிகுறி: இணையத்தில் உள்ள எல்லாக் குடும்ப மரங்களும் ஒரே பெயரைச் சொல்கின்றன, ஆவணம் மட்டும் இல்லை

நூறு மரங்கள் ஒன்றைச் சொன்னாலும் அவை ஒரே மரத்தின் நகல்களாக இருந்தால் சாட்சி ஒன்றுதான். முதலில் பதிவேற்றியவரைத் தேடி, எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். குடும்பத்தில் வாய்மொழியாக வந்த பெயரானாலும் ஒதுக்கிவிட வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு நடுப்பெயராக ஒரு குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பாட்டியினுடையது அல்லது அவளுடைய தாயினுடையது. எந்தத் தலைமுறைக்கு உரியது என்பதை மேற்சொன்ன வழிகளில் பிரித்தறியலாம்.

அத்தனையும் செய்தபின்னும் இரண்டு பெயர்கள் எஞ்சினால், இரண்டையும் உங்கள் மரத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எந்த ஆவணம், எந்த நாள், தகவல் சொன்னவர் யார் என்று குறித்து, எதைப் பார்த்தால் முடிவு தெரியும் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். மாவட்ட ஆவணக்காப்பகங்கள் இன்னும் பட்டியலிடாத உயில்களும் நிலப்பத்திரங்களும் ஆண்டுதோறும் அட்டவணைக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. நீங்களோ உங்களுக்குப் பின் வருபவரோ அங்கிருந்து தேடலைத் தொடர முடியும்.